அவர் சாப்பிட்ட வட்டில்

இப்படித் தள்ளி உக்காரு தங்கச்சி. அந்த ஜன்னல் பக்கம் உக்காந்தா உள்ள மேசையில வச்சிருக்கிற பல்லு அச்செல்லாம் கண்ணுல படும். வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, சோப்பு டப்பா மாதிரி. நான் வந்ததும் தெரியாம அங்கதான் உக்காந்தேன். குடிச்ச காப்பி தொண்டை வரைக்கும் வந்துட்டுப் போச்சு.

யாருக்கு, உன் வீட்டுக்காரருக்கா? பல்செட்டு மாட்டி ரொம்ப நாளாச்சா? அப்படியா. அப்ப நீ பழகியிருப்பே. எனக்குப் பழகலை. இந்த ஜென்மத்துல பழகாது.

இப்ப ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே, உள்ள போனாரே ஒருத்தர், சட்டை தோள்ல தொங்கிக்கிட்டு, அவருதான் எங்க வீட்டுக்காரர். நான் அந்தப் பேரைச் சொல்றதில்லை. டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தச் சட்டையெல்லாம் போன வருசம் அவருக்கு இறுக்கமா இருந்துச்சு. வயித்துக்கிட்ட பித்தான் தெறிச்சுக்கிட்டு நிக்கும். இப்பப் பாத்தா யாரோ குடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? பொண்டாட்டி சோறு போடலைன்னுதானே நெனப்பாங்க. நெனப்பாங்க என்ன, மொகத்துக்கு நேரா கேட்டே புட்டாங்க. அதைத்தான் உன்கிட்டச் சொல்ல வந்தேன். மனசு ஆறலை.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. உங்க பக்கமும் இருக்கும். புருஷன் சாப்பிட்ட வட்டில்லதான் பொண்டாட்டி சாப்பிடணும். கல்யாணத்தன்னைக்கு அவரு சாப்பிட்டு எந்திரிச்ச எலையை எங்க மாமியார் எடுக்க விடலை. என்னைய அதே எலையில உக்கார வச்சு, "இன்னையில இருந்து இதுதான் உனக்கு"ன்னாங்க. அன்னையில இருந்து நான் வேற வட்டில் தொட்டதில்லை. டூட்டி முடிஞ்சு மத்தியானம் மூணு மணிக்கு வருவாரு. பசியில எனக்குக் கண்ணு இருட்டும், ஆனாலும் காத்திருப்பேன். அவரு சாப்பிட்டு எந்திரிச்சதும் அதே வட்டில்ல சோத்தைப் போட்டு நான் உக்காருவேன். வட்டில் ஓரத்துல எனக்குன்னு ஏதாச்சும் ஒதுக்கி வச்சிருப்பாரு. மீன் நடுத்துண்டு, இல்லேன்னா பாதி முட்டை. எடுத்துக்கன்னு வாயால சொல்ல மாட்டாரு. ஒதுக்கி வச்சிட்டுக் கை கழுவப் போயிருவாரு. நானும் எதுக்குன்னு கேட்டதில்லை, எடுத்துச் சாப்பிட்டுருவேன். எங்களுக்குள்ள பேச்சு கம்மி தங்கச்சி. அவரு நாளெல்லாம் பஸ்ல கத்திட்டு வர்ற மனுஷன், வீட்ல வாயே தொறக்க மாட்டாரு. இந்த வட்டில் விசயம் ஒண்ணுதான் ஒழுங்கா நடந்துட்டு வந்துச்சு.

அப்புறம் அவரு பல்லு ஆட ஆரம்பிச்சுச்சு. வெத்தலை பொகையிலை போட்ட வாயி, ஈறெல்லாம் கரைஞ்சு போச்சு. ஒண்ணு ஒண்ணா விழுந்துச்சு, மிச்சத்தை அவரே போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டாரு. அந்த நேரம் பாத்து எங்க மக கோமதிக்கு எடம் அமைஞ்சிருச்சு. மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூரு, பெரிய எடம். ஆவணியில கல்யாணம். பொண்ணுக்குத் தகப்பன் பொக்கை வாயோட மேடையில நின்னா நல்லாவா இருக்கும்? போட்டோல காலத்துக்கும் இருக்குமே. நான்தான் அலைஞ்சு திரிஞ்சு ஏற்பாடு பண்ணினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு ஆளு பல்செட்டுக் கட்டிக் குடுக்கிறாருன்னு சொன்னாங்க. டாக்டருக்குப் படிக்கலை, ஆனா சல்லிசு, சட்டுன்னு முடிச்சுக் குடுத்துருவாரு. ஈறு ஆறட்டும், ரெண்டு மாசம் போகட்டும்னு இவரு சொன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு யாருக்குக் கல்யாணம்னு கேட்டேன். பேசாம வந்து வாயைத் தொறந்து உக்காந்துட்டாரு.

மாட்டினதும் அப்படி இருந்தாரு தங்கச்சி. பத்து வயசு கொறைஞ்ச மாதிரி. கல்யாணத்துல சம்பந்தியம்மாளே சொன்னாங்க, மாப்பிள்ளைக்கு மாமனார் மாதிரியா இருக்காரு, அண்ணன் மாதிரில்ல இருக்காருன்னு. நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டே நின்னாரு. பந்தியில மட்டும் பாயசத்தைக் குடிச்சிட்டு எந்திரிச்சுட்டாரு. பல்லு குத்துதுன்னாரு. புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும், போட்டுப் பழகுங்கன்னு சொன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு?

கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பெறகுதான் எனக்கு நரகம் ஆரம்பிச்சுச்சு.

மொத நாள் ராத்திரி கழட்டி எங்க வச்சாருன்னு நெனக்கிறே? என் காப்பி டம்ளர்ல. காலையில பாலை ஊத்தப் போறேன், உள்ள இருந்து இளிக்குது. செவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமா, இடுக்குல முந்தின நாள் கீரையோட. டம்ளரை அப்படியே வாசல்ல எறிஞ்சேன். அவருக்குன்னு ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிக் குடுத்து, கக்கூசு பக்கத்து மாடத்துல வைக்கச் சொன்னேன். அங்கதான் அதுக்கு எடம். நான் ஒண்ணும் சொல்லலை, எடத்தை மட்டும்தான் காட்டினேன்.

சாப்பிடும்போது ஒரு சத்தம் வரும் பாரு, டக்கு டக்குன்னு. உன் வீட்டுக்காரருக்கு வருமா? வராதா? இவருக்கு வரும். கீழ்ப் பல்லு ஆடிக்கிட்டே இருக்கும், நாக்கால அதைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பாரு. சோறு ஒரு பக்கம் வழியும். ஞாயித்துக்கெழமை ஆட்டுக்கறி எடுத்தேன். எப்பவும் எடுக்கிற மாதிரி நல்ல கறி, எலும்போட. ஒரு துண்டை வாயில போட்டு மென்னாரு மென்னாரு, நான் அடுப்பைத் தொடைச்சு முடிக்கிற வரைக்கும் மென்னாரு. அப்புறம் அதை விரலால எடுத்து வட்டில் ஓரத்துல வச்சாரு. வெள்ளையா, பஞ்சு உருண்டை மாதிரி, எச்சில் நூலு விட்டுக்கிட்டு. அது பக்கத்துல முருங்கைக்காய்ச் சக்கை. அது பக்கத்துல கீரைத்தண்டு, கடிபடாம ஒதுக்கினது. ஒண்ணு ஒண்ணா எடுத்து வச்சாரு, எனக்கு எடுத்து வைப்பாரே, அதே எடத்துல.

கை கழுவப் போனாரு. நான் வட்டில் முன்னால உக்காந்தேன். கரண்டியில சோத்தை எடுத்துட்டேன். ஓங்கரிச்சுக்கிட்டு வந்துருச்சு. கொல்லைக்கு ஓடிப் போயி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பாத்தா அவரு வாசப்படியில நிக்கிறாரு, துண்டைக் கையில வச்சுக்கிட்டு. வட்டிலைச் சாம்பல் போட்டுத் தேச்சு, சுடுதண்ணி ஊத்திக் கழுவி, கவுத்து வச்சேன். பொண்ணோட வட்டில் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, அதை எடுத்து அதுல சாப்பிட்டேன். அன்னையில இருந்து அதுலதான் சாப்பிடுறேன்.

அதுல என்ன குத்தம்? நீயே சொல்லு. அந்தக் காலத்துல பல்லு இருந்துச்சு, சாப்பிட்டோம்.

இதுக்கு அப்புறம்தான் மனுஷன் வீம்பு பிடிக்க ஆரம்பிச்சாரு. கறி போட்டா வேணாம்னுருவாரு. சுண்டல் வேணாம், கடலை வேணாம். அவரைக்காய் பொரியலா, அதுவும் வேணாம். முருங்கைக்காயைப் பாத்தாலே கையால வட்டிலை மறைச்சுக்குவாரு. தயிர்ச் சோறு, ரசச் சோறு, இல்லேன்னா பன்னை டீயில தோய்ச்சு. இதேதான் காலையில, இதேதான் ராத்திரி. நான் செய்யாம இல்லை. அவருக்குப் பிடிக்கும்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன், கோலா உருண்டையில இருந்து கருவாட்டுத் தொக்கு வரைக்கும். தொட மாட்டாரு. அந்தத் தயிர்ச் சோத்தைக் கூட எப்படிச் சாப்பிடுவாருன்னு நெனக்கிறே? ஒரு பருக்கை ஒட்டாம. விரலால வழிச்சு வழிச்சு, வட்டிலைக் கழுவி வச்ச மாதிரி ஆக்கிருவாரு. கருவேப்பிலை வந்தாக் கூட அதை வெளிய எடுத்து வைக்காம முழுங்கிருவாரு. ஒருநாள் அது தொண்டையில சிக்கி இருமின இருமல்ல கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. அப்பக் கூடத் துப்பலை.

சாப்பிட்டு முடிச்சா எந்திரிக்கவும் மாட்டாரு. அந்த வட்டிலை என் பக்கமா லேசாத் தள்ளி வச்சிட்டு உக்காந்திருப்பாரு. நான் பொண்ணோட வட்டிலை எடுத்து வச்சுச் சோறு போடுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்புறம் எந்திரிச்சுப் போவாரு. தெனமும் இதே கூத்துதான். கணக்கெடுக்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கறியும் மீனும் செஞ்சு வச்சவளைப் பட்டினி போட்டவளைப் பாக்கிற மாதிரி பாத்தா எப்படி இருக்கும்?

கோமதி போன்ல சொன்னா, அம்மா, அப்பாவுக்கு எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சுக் குடுன்னு. மிக்ஸில அடிச்ச கறியைப் பாத்திருக்கியா தங்கச்சி? ஏற்கெனவே யாரோ தின்னுட்டு வெளிய எடுத்த மாதிரி இருக்கும். பல்லு கட்டிக் குடுத்தது எதுக்கு, மிக்ஸில அடிக்கவா? பல்லு இருக்கிற மனுஷன் மென்னுதான் திங்கணும்னு சொல்லிட்டேன்.

தைப் பொங்கலுக்கு முந்தி ரேசன் கடை வரிசையில நிக்கும்போது மயங்கி விழுந்துட்டாரு. நாலு பேரு தூக்கி ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நான் கட்டின சேலையோட ஓடினேன். அங்க ஒரு டாக்டரம்மா, எங்க கோமதி வயசுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழ இமையைப் பிதுக்கிப் பாத்துச்சு, ரத்தமே இல்லைன்னுச்சு. கையைப் பிடிச்சுப் பாத்துச்சு, தசை கரைஞ்சு போச்சுன்னுச்சு. அப்புறம் என்னையத் திரும்பிப் பாத்து, வார்டுல அத்தனை பேரு இருக்க, "ஏம்மா, வீட்ல இவருக்குச் சாப்பாடு போடுறீங்களா இல்லையா?"ன்னு கேட்டுச்சு.

என்னைய. வேளா வேளைக்கு ஆக்கிப் போட்டுக் கை காச்சுப் போன என்னைய. பக்கத்துக் கட்டில்ல இருந்த பொம்பளை என்னைய மேலயும் கீழயும் பாத்தா பாரு, எனக்கு உடம்பே கூசிப் போச்சு. அழுதுட்டேன். அப்பத்தான் அவரு வாயைத் தொறந்தாரு. "அவ நல்லாத்தான் போடுறா டாக்டர். எனக்குத்தான் பசிக்கலை"ன்னாரு. அவரே சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்த டாக்டரம்மா நம்பலை. பல்லைக் கழட்டச் சொல்லி வாயைப் பாத்துச்சு. ஈறெல்லாம் புண்ணாம், கீழ நாக்குக்கு அடியில குழியாவே விழுந்திருக்காம். இந்தப் பல்லை வச்சுக்கிட்டு எப்படிங்க மென்னீங்கன்னு அவருகிட்டக் கேட்டுச்சு. அவரு சிரிச்சாரு. வலிச்சா சொல்ல வேண்டியதுதானே? என்கிட்டக் குத்துதுன்னுதானே சொன்னாரு, புண்ணுன்னா சொன்னாரு?

அந்தப் பொண்ணு எனக்குப் பாடம் எடுத்துச்சு. வெறும் சோறும் தயிரும் பன்னும் தின்னா உடம்பு நிக்காதாம். முட்டையை அவிச்சுப் பிசைஞ்சு குடுக்கணுமாம். பருப்பைக் கடைஞ்சு, கீரையை மசிச்சு, கறின்னா கொத்தி வாங்கிக் கொழைய வேக வச்சு, மீன்னா முள்ளு எடுத்து. நல்ல செட்டுக் கட்டுற வரைக்கும் பல்லைக் கழட்டி வச்சிட்டுத்தான் சாப்பிடணுமாம். கழட்டி வச்சிட்டு! அந்தப் பொண்ணுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிரும். எதுத்தாப்புல உக்காந்து பாக்கப் போறது யாரு?

இருந்தாலும் செஞ்சேன் தங்கச்சி. எம்மேல பழி வரக்கூடாதுல்ல. கொத்துக்கறி வாங்கி, பட்டை சோம்பு போட்டு, கொழையக் கொழைய வேக வச்சு வட்டில்ல போட்டேன். அவருக்கு மொகமே மலந்து போச்சு. அங்கிட்டுத் திரும்பிப் பல்லைக் கழட்டித் துண்டுல சுத்தி வச்சாரு. ஒரு வாயி வச்சாரு, ரெண்டு வாயி வச்சாரு. கன்னம் ரெண்டும் உள்ள போயி, மோவாய் மூக்கை வந்து தொடுது. உதடு உள்ள மடிஞ்சு மடிஞ்சு வெளிய வருது. ஓரத்துல கறிச்சாறு இறங்குது. நான் ஒண்ணும் சொல்லலை. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை. சேலைத் தலைப்பை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டேன், அம்புட்டுத்தான். அவரு நிமிந்து பாத்தாரு. கையில எடுத்த கவளத்தை வட்டில்ல வச்சிட்டாரு. துண்டைப் பிரிச்சுப் பல்லை எடுத்து மாட்டிக்கிட்டு, தயிர் இருக்கான்னு கேட்டாரு.

சரி, திங்காத மனுஷனுக்கு நான் என்ன பண்ண முடியும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு புதுப் பழக்கம். மத்தியானம் ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய கெளம்பிருவாரு. எங்கன்னு கேட்டா, பேப்பர் படிக்கப் போறேம்பாரு. ரெண்டு மணிக்கு மேல வருவாரு. சாப்பிடுங்கன்னா பசிக்கலைம்பாரு. ஆனா மொகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு. மாடிப்படியில நிக்காம ஏறினாரு. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இந்த வயசுல எவ சோறாக்கிப் போடுறாளோன்னு கூட நெனச்சுட்டேன், உன்கிட்டச் சொல்றதுக்கென்ன.

எங்க தெருவுல பூக்கட்டுற பொன்னுத்தாயிதான் வந்து சொன்னா. ஏக்கா, அண்ணனுக்கும் உனக்கும் ஏதாச்சும் மனத்தாங்கலா, தெனமும் பெருமாள் கோயில் அன்னதானத்துல உக்காந்திருக்காரேன்னு. பென்சன் வாங்குற மனுஷன். மகளைக் கோயம்புத்தூர்ல குடுத்த மனுஷன். வீட்ல கூட்டு பொரியல்னு மூணு வெஞ்சனத்தோட சோறு ஆறிக் கெடக்குது, இவரு அன்னதான வரிசையில கையேந்திட்டு நிக்கிறாரா?

மறுநாள் பின்னாலயே போனேன். தூண் மறைவுல நின்னு பாத்தேன். பாய் விரிச்சு எலை போட்டு உக்கார வச்சிருக்காங்க. இவரு உக்காந்திருக்கிற வரிசை முழுக்கக் கெழடு கட்டைகதான். முக்காவாசிப் பேருக்குப் பல்லே கெடையாது. ஒருத்தரு அப்பளத்தை உள்ளங்கையில வச்சு நொறுக்கிச் சோத்துல கலக்குறாரு. இன்னொரு ஆளு சக்கையை எலை முழுக்கத் துப்பி வச்சிருக்கான். அவங்களுக்கு நடுவுல இவரு. பல்லைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, வெறும் ஈறால அந்தச் சாம்பார்ச் சோத்தைக் கொழப்பிக் கொழப்பி அடிக்கிறாரு. மோவாயெல்லாம் மஞ்சளு. பக்கத்து ஆளு ஏதோ சொல்ல, வாயில சோத்தை வச்சுக்கிட்டே சிரிக்கிறாரு. உள்ள இருக்கிறது அம்புட்டும் தெரியுது. பரிமாறுறவன் பூசணிக்காய்க் கூட்டைக் கொண்டு வந்தான். இவரு கையை நீட்டி, "இன்னொரு கரண்டி போடுப்பா"ன்னாரு.

இன்னொரு கரண்டின்னு என்கிட்ட அவரு கேட்டு வருசமாச்சு. கோயில் கூட்டு, உப்பு உறைப்பு இல்லாத கூட்டு. அதைக் கேட்டு வாங்கித் திங்கிறாரு.

அந்த நேரம் பாத்து அங்க வேலை பாக்கிற பையன் என்னையப் பாத்துட்டான். ஏன் பாட்டி நிக்கிறீங்க, எடம் இருக்கு உக்காருங்கன்னு தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, நேரா அவருக்கு எதுத்த வரிசையில உக்கார வச்சிட்டான். நான் வேணாம் வேணாம்கிறேன், கேக்கலை. அவரு நிமிந்தாரு.

வாயில சோறு இருந்துச்சு. மெல்லாம அப்படியே நிறுத்திட்டாரு. இடது கையால வாயைப் பொத்துனாரு. பையில கையை விட்டுப் பல்லை எடுத்தாரு, அதுல பொகையிலைத் தூளோ என்னவோ ஒட்டியிருந்துச்சு. தொடைக்கக் கூட இல்லை, சோத்தோட சோறா உள்ள வச்சு அழுத்துனாரு. புண்ணுல பட்டிருக்கும், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் எலையில ஒதுக்கி வச்சிருந்த சக்கையெல்லாம் ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கினாரு. பொறுக்கிக் கைக்குட்டையில போட்டு முடிஞ்சு பையில வச்சாரு. மிச்சச் சோத்தை ஒரு ஓரமாத் தள்ளி, எலையை உள்ளங்கையால தொடைச்சாரு. ஒரு தடவை தொடைச்சிட்டுப் பாத்தாரு, பத்தலைன்னு டம்ளர் தண்ணியைத் தெளிச்சு மறுபடியும் தொடைச்சாரு. அத்தனை பேரும் சாப்பிடுறதை விட்டுட்டுப் பாக்குறாங்க. அந்த எலையை ரெண்டு கையாலயும் என் பக்கமாத் தள்ளினாரு.

"இந்தா தனபாக்கியம். சுத்தமாத்தான் இருக்கு, சாப்பிடு"ன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? நாலு பேரு முன்னால, எவன் எவன் எச்சிலோ கெடக்கிற எடத்துல, அந்த எலையில போயி நான் சாப்பிடணுமாம். வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அவரும் எந்திரிச்சு வந்துட்டாரு. கூட்டு அப்படியே கெடந்துச்சு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாரே, அது. வழி நெடுக எனக்குப் பின்னாலயே நடந்து வந்தாரு. வீட்டுப் படியேறும்போதுதான் பேசினாரு. "நல்ல பல்லாக் கட்டிக் குடுத்துரு. அப்புறம் எதுவும் வெளிய வராது"ன்னாரு.

பாத்தியா? கடைசியில அவரே ஒத்துக்கிட்டாரு, அந்தப் பஸ் ஸ்டாண்டுக்காரன் கட்டின பல்லுலதான் கோளாறுன்னு. எம்மேல ஒண்ணும் இல்லை. அதான் எங்க கோமதிகிட்ட விசாரிச்சு இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். நேத்தே ஒரு டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு, புண்ணு ஆறி ஈறு கெட்டிப்பட்டாத்தான் அளவே எடுப்பாங்களாம். அது வரைக்கும் பல்லே போடக்கூடாதாம். பழசை அவங்களே வாங்கி வச்சுக்குவாங்களாம், போட்டுருவாருன்னு. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, வெறும் வாயோட வீட்ல இருக்கப் போறாரு. மூணு வேளையும் என் முன்னால.

நீ ஒண்ணு சொல்லு தங்கச்சி. வெக்கப்படாமச் சொல்லு. உன் வீட்டுக்காரர் சாப்பிட்ட வட்டில்ல நீ சாப்பிடுறியா?

சாப்பிடுறியா.

கண்ணை மூடிக்குவியா? ...பாத்துக்கிட்டேவா? அவரு எடுத்து வச்சதெல்லாம் ஓரத்துல கெடக்குமே, அதை என்ன பண்ணுவே? கையால தள்ளிட்டா? வெறுங்கையாலயா?

ம்.

இரு, கதவு தொறக்குது. வர்றாரு. பல்லு இல்லாமத்தான் வர்றாரு, பாரு கன்னத்தை. அந்த டாக்டர் பையன் என்ன சொன்னானோ, இப்படிச் சிரிக்கிறாரு. வாயை இம்புட்டுத் தொறந்தா சிரிப்பாங்க, அத்தனை ஆளு முன்னால? நர்சுகிட்டயும் சிரிக்கிறாரு.

இந்தா, இங்கிட்டுத் திரும்பினதும் கையைக் கொண்டு போயி வாயில வச்சுக்கிட்டாரு. உன்னைப் பாத்துட்டாரு போல. வேத்து ஆளுன்னா அவருக்குக் கூச்சம். நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க தங்கச்சி, பாவம், கையை எடுக்கட்டும்.

திரும்பிட்டியா? இன்னும் எடுக்கலையே. பொத்திக்கிட்டேதான் வர்றாரு, இங்கயே பாத்துக்கிட்டு.

எனக்குப் பின்னால யாராச்சும் நிக்கிறாங்களா, பாரு.